பழைய மடிக்கணினியில் எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்? வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்ட பிறகு, எட்டு ஆண்டு, பத்து ஆண்டு பழைய மடிக்கணினிகளைப் பற்றிய கடிதங்கள் நிறைய வருகின்றன. இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்தால், விவரம் தெளிவாக உள்ள கடிதத்தை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. 2015இல் வாங்கிய மடிக்கணினி, ஐந்தாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வினாத்தாள் தட்டச்சு செய்வேன், இணையம் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆன் செய்தால் வேலைக்குத் தயாராக ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ரேமை 8 ஜிபி ஆக்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: ரேம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், முதலில் வாங்க வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சில்லுகளால் ஆன சேமிப்பகம். கடைக்காரர் சொல்வதையோ நான் சொல்வதையோ அப்படியே நம்பிவிடாமல் முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினியை ஆன் செய்த உடனே ஒருமுறையும், வழக்கமான வேலையின் நடுவில் அது திணறும்போது ஒருமுறையும், அங்கே சிபியு, மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றுக்கும் எதிரே உள்ள சதவீதங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க்கிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்துக் கணினிகளில், டிஸ்க் நிமிடக்கணக்கில் 100 சதவீதத்தில் நிற்பதையும், அதே நேரத்தில் பிராசசர் பெரும்பாலும் சும்மா காத்திருப்பதையும் காணலாம்.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கில் புரிந்துகொள்ளலாம். அன்றைய மடிக்கணினிகளில் வந்த ஹார்டு டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுபவை. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் உள்ள இடம், அதைப் படிக்கும் படிமுனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். படிமுனை சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி ஆகும். இரண்டையும் கூட்டி 17 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளில் விநாடிக்கு ஏறக்குறைய அறுபதைத்தான் அந்த டிஸ்க்கால் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ இத்தகைய துண்டுகளை ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் மாட்டும் விலை குறைந்த எஸ்எஸ்டிகூட இத்தகைய கோரிக்கைகளை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் நிறைவேற்றிவிடும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விநாடிக்கு 550 எம்பி என்ற எண் பெரிய கோப்புகளைப் படிக்கும் வேகம். உங்கள் காத்திருப்பைக் குறைக்கப் போவது பெட்டியில் போடாத இந்தச் சிறு துண்டுகளின் வேகம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரேம் போதாதபோது விண்டோஸ் அதில் உள்ளவற்றின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். எனவே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும் அதே நேரத்தில் மெமரியும் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், டிஸ்க்கின் சுமையில் ஒரு பங்கு ரேம் பற்றாக்குறையால் வந்தது. அப்போதும் எஸ்எஸ்டி முதலில் என்பதே என் கருத்து. ஏனென்றால் எஸ்எஸ்டி ரேம் பற்றாக்குறையின் வலியையும் ஓரளவு குறைக்கும், ரேமோ ஹார்டு டிஸ்க்கின் மந்தத்தைக் குறைக்காது. எஸ்எஸ்டி போட்டு ஒரு மாதம் பயன்படுத்திவிட்டு, பிரவுசரில் ஏழெட்டுப் பக்கங்கள் திறந்ததும் இன்னும் திணறுகிறது என்றால், அப்போது 4 ஜிபியை 8 ஆக்குங்கள். உங்கள் வேலைக்கு 16 ஜிபி தேவையே இல்லை.

வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேளுங்கள். 256 ஜிபி உங்களுக்குப் போதும். விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் 500 ஜிபி எடுக்கலாம். பெயர் தெரியாத தயாரிப்பில் 1 டிபி மலிவாகக் கிடைக்கிறது என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு இணைந்திருப்பதால், டிஸ்க்கை மாற்றினாலும் புதிய உரிமம் வாங்க வேண்டியதில்லை. அதற்கென்று கடையில் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துத் தருவார்கள். பத்தாண்டுக் குப்பையும் கூடவே வந்து சேரும் என்பதால், கோப்புகளை மட்டும் தனியே எடுத்துவைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்வது நல்லது. அந்த விண்டோஸ் 10ஐ இனி எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை மதுரை வாசகருக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: 4 ஜிபி இருந்த மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் போட்டேன். 8 ஜிபி என்று காட்டுகிறது; ஆனால் பயன்படுத்தக்கூடியது 3 ஜிபி சொச்சம்தான் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. உங்கள் கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸ். அந்த வகை விண்டோஸால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ரேமைக் கையாள முடியாது. அதிலும் ஒரு பகுதி கிராஃபிக்ஸ் போன்ற உறுப்புகளுக்குப் போய்விடுகிறது. 64 பிட் விண்டோஸை நிறுவினால் முழு ரேமும் கிடைக்கும். உரிமம் இரண்டுக்கும் ஒன்றுதான், செலவில்லை. ஆனால் இருப்பதன் மேலேயே நிறுவ முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும் என்பதால் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரேம் வாங்கப் போனால் டிடிஆர்3, டிடிஆர்3எல், டிடிஆர்4 என்கிறார்கள். எனக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? 8 ஜிபி ஒன்றாக வாங்குவதா, 4 ஜிபி இரண்டாக வாங்குவதா?
வாசகர், விருதுநகர்

பதில்: டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால், ரேம் மாட்டும் ஸ்லாட்டுகள் எத்தனை, அவற்றில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று காட்டும். ஆனால் அதை மட்டும் நம்பிக் காசு கொடுத்துவிட வேண்டாம். மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேமையும் சில கணினிகளில் அது ஸ்லாட் போலக் காட்டிவிடும். அடிமூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான் நிச்சயம். ஏற்கெனவே உள்ள ரேமின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அதன் வகை அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டிடிஆர்3 ரேம் 1.5 வோல்ட்டில் இயங்கும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் இயங்கும். இரண்டும் ஒரே 204 முனை ஸ்லாட்டில் பொருந்துவதால்தான் குழப்பம். இன்டெல் நான்காம், ஐந்தாம் தலைமுறை மடிக்கணினிகளுக்கு 'எல்' உள்ளதுதான் வேண்டும். சாதாரண டிடிஆர்3 போட்டால் பெரும்பாலும் திரையே வராது. அதற்கு முந்தைய கணினிகளில் டிடிஆர்3எல் பொதுவாக ஒழுங்காகவே வேலை செய்யும், ஏனென்றால் அது 1.5 வோல்ட்டையும் ஏற்கும். எனவே சந்தேகம் இருந்தால் 'எல்' வாங்குவது பாதுகாப்பு. டிடிஆர்4 ரேமுக்கு 260 முனைகள், பள்ளமும் வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்த்தாலும் நுழையாது, அழுத்திப் பார்க்கவும் வேண்டாம்.

ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு, கிராஃபிக்ஸ் எப்படி என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் திரைக்கான வேலையும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவில் ரேம் இருந்தால் தகவல் இரண்டு தடங்களில் ஓடும். வீடியோ தொகுப்பிலும் விளையாட்டிலும் அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தட்டச்சு, கணக்கு வேலைகளில் தெரியாது. ஏற்கெனவே ஒரு 4 ஜிபி இருந்தால் இன்னொரு 4 ஜிபி வாங்கிப் போடுவதுதான் மலிவு.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது, எஸ்எஸ்டி விலையும் அதன் பின்னால் ஏறுகிறது. பழைய மடிக்கணினிகளுக்கான ரேம் பயன்படுத்திய பொருளாகவும் கிடைக்கும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் போட்டுப் பார்த்தே வாங்கலாம். ரேமில் தேயும் பாகம் எதுவும் இல்லை என்பதால் பழையது வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. பழைய எஸ்எஸ்டியையும் பழைய பேட்டரியையும் மட்டும் ஒருபோதும் வாங்க வேண்டாம்.

கேள்வி: 2017ஆம் ஆண்டு மடிக்கணினியில் எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தது. என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் கணினிக்குத் தெரியவே இல்லை.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அதன் வழியே ஓடும் இணைப்பு சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகைக்கு வேண்டிய பிசிஐ எக்ஸ்பிரஸாகவும் இருக்கலாம். 2015 முதல் 2018 வரை வந்த பல மடிக்கணினிகளின் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா இணைப்பு மட்டுமே கொடுத்திருந்தார்கள். உங்களுடையது அந்த வகையாகத்தான் தெரிகிறது. தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பராமரிப்புக் கையேடு கிடைக்கும்; அதில் சாட்டா மட்டும் என்று போட்டிருந்தால், வாங்கிய கடையிலேயே எம்.2 சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில கணினிகளில் 2242 மட்டுமே பொருந்தும்.

வேகம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் என்விஎம்இ எஸ்எஸ்டி விநாடிக்கு 3,500 எம்பி வரை போகும் என்பது உண்மை. ஆனால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியும் வேறுபாட்டுக்கு முன்னால், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது தெரிவது மிகக் குறைவு. பல ஜிபி வீடியோக் கோப்புகளை நாள்தோறும் நகர்த்துபவர்களுக்கு மட்டுமே அது பொருட்டாகும்.

கேள்வி: வரி ஆலோசகரிடம் வேலை செய்கிறேன். அலுவலகத்தில் ஆறாம் தலைமுறை ஐ5 மடிக்கணினி, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் 11 மட்டும் ஏற மறுக்கிறது. எந்தப் பாகத்தை மாற்றினால் ஏறும்?
வாசகர், மதுரை

பதில்: எதை மாற்றினாலும் ஏறாது; எனவே அதற்காக ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், கணினி தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியும், 4 ஜிபி ரேமும், 64 ஜிபி இடமும் வேண்டும். இவை எல்லாம் உங்கள் கணினியில் இருந்தாலும், மைக்ரோசாஃப்ட்டின் ஏற்புப் பட்டியல் மிகச் சில விலக்குகள் நீங்கலாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் பிராசசரோ மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டது, கழற்ற முடியாது.

சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. ஆறாம் தலைமுறையில் அது ஓடவும் செய்யும். ஆனால் அத்தகைய கணினிகளுக்கு அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. எல்லாக் கணினிகளிலும் இப்படித் தாண்டவும் முடியாது: 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பாப்கவுன்ட் என்ற கட்டளையை அறியாத கோர் 2 டுவோ காலத்துப் பிராசசர்களில் விண்டோஸ் 11 தொடங்குவதே இல்லை. வீட்டில் படம் பார்க்கும் கணினி என்றால் செய்துகொள்ளுங்கள் என்பேன். பிறருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் டிஜிட்டல் கையொப்பமும் இருக்கும் அலுவலகக் கணினியில் அதைச் செய்யக் கூடாது.

தனிப்பட்ட பயனாளர்களுக்கு விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்நுழைந்து பதிவுசெய்துகொள்ள வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் இதைத் தவறாமல் செய்துகொள்ளலாம். நிறுவனங்களுக்கு இதே ஏற்பாடு கட்டணத்துடன் தனியாக உண்டு. அதற்குப் பிறகும் கணினியை வைத்துக்கொள்ள விரும்பினால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகை அதில் கிடைக்கிறது; லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தமிழ் யுனிகோடு சிக்கலின்றி வேலை செய்கிறது. ஆனால் கணக்கு எழுதப் பயன்படும் டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். ஆகவே உங்கள் முதலாளியிடம், கணக்கு வேலைக்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு, இதை லினக்ஸ் போட்டுக் கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் உள்ள அந்தக் கணினி லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

கேள்வி: ஐ3 பிராசசரைக் கழற்றிவிட்டு ஐ7 போட முடியுமா? கிராஃபிக்ஸ் அட்டை சேர்க்க முடியுமா? வீடியோ எடிட்டிங் படிக்கிறேன்.
வாசகர், சேலம்

பதில்: இன்டெல் மடிக்கணினிகளில் பிராசசரைக் கழற்றி மாட்டும் சாக்கெட் நான்காம் தலைமுறையோடு போய்விட்டது. அந்தத் தலைமுறையிலும் எல்லாவற்றிலும் இல்லை. லெனோவோவின் திங்க்பேட் டி440பி போன்ற தடித்த கணினிகளில் இருந்தது. அவற்றிலும்கூட, 37 வாட் பிராசசருக்காக அமைத்த குளிர்விப்பானில் 47 வாட் பிராசசரை ஏற்றினால் அது சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளியே கிராஃபிக்ஸ் அட்டையை இணைக்கும் ஏற்பாடுகள் பொழுதுபோக்குக்காகச் செய்து பார்ப்பவர்களுக்கானவை. படிக்கும் காலத்தில் ரேமை 16 ஜிபியாக்கி, எடிட்டிங் மென்பொருளில் ப்ராக்ஸி எனப்படும் சிறிய நகல் கோப்புகளை உருவாக்கிக்கொண்டு வேலை செய்யுங்கள். மீதிப் பணத்தை அடுத்த கணினிக்குச் சேமியுங்கள்.

கேள்வி: எனது மடிக்கணினியின் மின்கலம் முக்கால் மணித்தியாலம்தான் நிற்கிறது. விசிறி எந்நேரமும் சத்தமிடுகிறது. அண்மையில் தொடுபலகையின் ஒரு பக்கம் சற்று மேலெழும்பியது போலவும் தெரிகிறது. எதை முதலில் பார்க்க வேண்டும்?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மேலெழும்பிய தொடுபலகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதையும் இன்றே. தொடுபலகைக்கு நேர் கீழே மின்கலம் இருக்கும் மாடல்களில் இது மின்கலம் உப்பியிருப்பதன் அடையாளம். மின்னேற்றியைக் கழற்றிவிட்டுக் கணினியை அணைத்துவிடுங்கள். எழும்பிய இடத்தைக் கையால் அழுத்துவதோ, மின்கலத்தின் உறையைக் குத்திக் காற்றை வெளியேற்றுவதோ தீப்பிடிப்பதில் முடியலாம். திறக்கப் பழகியவர் ஒருவரிடம் கொடுத்து மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். பழையதை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

புதிய மின்கலம் வாங்கும்போது தயாரிப்புத் திகதியைப் பாருங்கள். லித்தியம் மின்கலம் பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் வயதாகும். பழைய மாடலுக்கான 'புதிய' மின்கலம் ஐந்து ஆண்டுகள் கிடங்கில் இருந்ததாகவும் இருக்கலாம். பொருத்தியபின் விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையோடு 'பேட்டரிரிப்போர்ட்' என்ற தெரிவைச் சேர்த்து (powercfg /batteryreport) இயக்கினால் ஓர் அறிக்கை உருவாகும். வடிவமைத்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கும். புதியதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வேறுபாடு தெரிந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலும் மின்னேற்றியிலேயே வைத்து வேலை செய்பவர் என்றால், தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருளில் 80 வீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மின்கலம் உப்பாமல் நீண்ட நாள் உழைக்க அதுவே நல்ல வழி.

விசிறியின் சத்தத்துக்குப் புதுப் பாகம் எதுவும் தேவைப்படாது. மின்கலத்தை மாற்ற மூடியைத் திறக்கும்போதே, வெப்பம் வெளியேறும் துடுப்புகளில் கம்பளம் போல் படிந்திருக்கும் தூசியை எடுக்கச் சொல்லுங்கள். காற்றை ஊதும்போது விசிறி இறக்கையைச் சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராசசருக்கும் வெப்பத்தைக் கடத்தும் குழாய்க்கும் இடையில் உள்ள பசை சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்கச் சொல்லுங்கள். சூடேறும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், இந்தச் சுத்தம் செய்ததும் கணினியும் சற்று விரைவாகும். இந்தப் பக்கங்களில் சொல்லும் எல்லாவற்றிலும் மிக மலிவானது இதுதான். ஆனால் இதைப் பற்றி யாரும் எழுதிக் கேட்பதில்லை.

கேள்வி: வீட்டுக்கு 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுத்திருக்கிறோம். கைபேசியில் முழு வேகம் வருகிறது. பழைய மடிக்கணினியில் 40க்கு மேல் போவதில்லை. கணினியையே மாற்ற வேண்டுமா?
வாசகி, திருச்சி

பதில்: வைஃபை அட்டையை மாற்றினால் போதும். உங்கள் கணினியில் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் தெரிந்த, ஒரே ஆன்டெனா உள்ள பழைய அட்டையாக இருக்க வேண்டும். சாதாரண அலைப்பட்டை அகலத்தில் அதன் உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ். கையில் கிடைப்பது அதில் பாதிதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் தெரிந்த அட்டையோ, யுஎஸ்பி 3இல் செருகும் வைஃபை டாங்கிளோ வாங்கினால் சிக்கல் தீரும்.

உள்ளே மாட்டும் அட்டை வாங்குவதானால் இரண்டைப் பாருங்கள். 2014க்கு முந்தைய கணினிகளில் பெரும்பாலும் மினி பிசிஐஇ ஸ்லாட், பிந்தையவற்றில் எம்.2, இரண்டின் ஆன்டெனா முனைகளும் அளவில் வேறு. தொழில்முறைப் பயன்பாட்டுக்கான சில பழைய கணினிகளில், தயாரிப்பாளரின் பட்டியலில் இல்லாத அட்டையைப் பார்த்தால், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் தொடங்கவே மறுத்துவிடும். 2012ஆம் ஆண்டின் திங்க்பேட் டி430 அத்தகையது. இன்டெல் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 என்று இரண்டு அட்டைகள் விற்பனையில் இருக்கின்றன. 211 புதிய இன்டெல் பிராசசர்களோடு மட்டுமே வேலை செய்யும், எனவே மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு உதவாது. இவ்வளவு யோசிக்கப் பொறுமை இல்லையென்றால் டாங்கிளே போதும்.

கேள்வி: மேக்புக் ஏர், 2017 மாடல், 8 ஜிபி. ரேமைக் கூட்ட முடியுமா?
வாசகர், சிங்கப்பூர்

பதில்: முடியாது; மேக்புக் ஏரில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. எஸ்எஸ்டியைக் கழற்ற முடியும், ஆனால் ஆப்பிளுக்கே உரிய முனை என்பதால் அடாப்டர் வைத்துத்தான் வேறொன்றைப் போட வேண்டும். அந்த மாடலுக்கு ஆப்பிள் தந்த கடைசி இயங்குதளம் 2021இல் வந்த மான்டெரே. பேட்டரி தளர்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொண்டு, ஓடும் வரை ஓட்டுங்கள்.

கேள்வி: ஏழாம் தலைமுறை மடிக்கணினி. எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, கீபோர்டு, உடைந்த கீல் எல்லாம் மாற்றக் கடையில் ஒரு தொகை சொல்கிறார்கள். கொடுக்கலாமா? எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது?
வாசகர், தாம்பரம்

பதில்: தொகை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பட்டியலைப் பார்த்தாலே 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற நிலைதான். நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது: எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி உள்ள, நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டு விற்ற மடிக்கணினி இன்று என்ன விலை என்று விசாரியுங்கள். உங்கள் பழுதுச் செலவு அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். பாதியைத் தொட்டால் வேண்டாம். ஏனென்றால் அவ்வளவு செலவு செய்தும் உங்கள் ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11இன் ஏற்புப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கும்.

பட்டியலில் உள்ள எல்லாமும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் கவனியுங்கள். எஸ்எஸ்டியை நாளை கழற்றி வேறு கணினியிலோ யுஎஸ்பி உறையிலோ போட்டுக்கொள்ளலாம். டிடிஆர்4 ரேம் என்றால் அதற்கும் மறுவிலை உண்டு. பேட்டரி, கீபோர்டு, கீல் மூன்றும் அந்தக் கணினியோடு போய்விடும் செலவு. கீல் உடைந்திருந்தால் பெரும்பாலும் திருகு பிடிக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே உடைந்திருக்கும். பசை போட்டு ஒட்டியது சில மாதங்களில் திரும்ப விட்டுவிடும். அந்தச் சட்டகத்தையே மாற்றாமல் கீலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்துபவர் என்றால், எஸ்எஸ்டியை மட்டும் போட்டு, வெளிக் கீபோர்டையும் பழைய மானிட்டரையும் இணைத்து மேசைக் கணினியாக்கிவிடுவது நல்ல யோசனை.

பயன்படுத்திய கணினி வாங்கப் போனால் மாடல் பெயரை மட்டும் பார்க்க வேண்டாம். 2018இல் வந்த திங்க்பேட் டி480 இன்றும் நல்ல தேர்வு; இரண்டு ரேம் ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய பேட்டரி ஒன்று என்று மாற்றிக்கொள்ள வசதியான கணினி. ஆனால் அதே டி480 ஏழாம் தலைமுறை பிராசசருடனும் விற்கப்பட்டது. கணினியை ஆன் செய்து, சிஸ்டம் விவரத்தில் ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 8இல் தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அதற்கு அடுத்த ஆண்டு வந்த டி490இல் ரேமின் ஒரு பகுதியைப் பற்றவைத்து, ஒரே ஒரு ஸ்லாட்டைத்தான் விட்டுவைத்தார்கள். புதியது என்பதாலேயே மேம்படுத்த எளிது என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்ட பிறகு கையில் மிஞ்சிய பழைய ஹார்டு டிஸ்க்கை என்ன செய்வது?
வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள் அல்லது சிவப்பு நிறத்தில் எச்சரித்தால், அதில் உள்ளவற்றை உடனே வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கை நம்புவதை விட்டுவிடுங்கள். நலமாக இருந்தால் 2.5 அங்குல யுஎஸ்பி உறை ஒன்றை வாங்கி அதில் போட்டுக்கொள்ளலாம். தனி மின்சாரம் தேவையில்லை. புகைப்படங்களின் இரண்டாம் பிரதியை வைத்து அலமாரியில் எடுத்துவைக்க, மின்சாரமின்றி நீண்ட காலம் கிடக்கும் எஸ்எஸ்டியைவிட ஹார்டு டிஸ்க்கே மேல்.

டிவிடி டிரைவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேடி (caddy) எனப்படும் சட்டகத்தில் வைத்து மாட்டுவதும் ஒரு வழி. கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வருகிறது. டிவிடி டிரைவைக் கழற்றி அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி கணினியின் மூல இடத்திலும் ஹார்டு டிஸ்க் கேடியிலும் இருக்கட்டும், ஏனென்றால் டிவிடி பக்கத்து இணைப்பு சில கணினிகளில் வேகம் குறைந்தது. விற்பதாகவோ யாருக்காவது கொடுப்பதாகவோ இருந்தால், விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது 'குயிக்' என்ற குறியை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் டிஸ்க் முழுவதும் சுழியம் எழுதப்பட்டுப் பழைய கோப்புகள் உண்மையாகவே அழியும். 500 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் போலப் பிடிக்கும்.